பிறந்த இடம்: கொடைக்கானல்

'புகழ்பெற்ற' என்ற சொல்லைக் கண்டாலே மகேந்திரனுக்கு ஆகாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அதில் அவன் எழுதியதைவிட அழித்தது அதிகம். 'புகழ்பெற்ற மருத்துவர்', 'புகழ்பெற்ற கல்லூரி', 'உலகப் புகழ்பெற்ற இட்லிக் கடை' என்று எங்கே கண்டாலும் அந்த ஒரு சொல்லைப் பிடுங்கி எறிவான். திருத்தியதற்குக் காரணம் கேட்கும் சின்னப் பெட்டியில் 'யார் சொன்னது?' என்று இரண்டு சொல் போடுவான். அவ்வளவுதான்.

மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்கிற வேலை அவனுக்கு. கொடைக்கானலிலிருந்து மேல்மலைப் பேருந்தில் ஏறி பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று ஊர் ஊராக இறங்கி, கேரளத்து எல்லையில் கிடக்கும் கிளாவரை வரைக்கும் போவான். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மீட்டர்ப் பெட்டி மழையில் நனையும், எந்தக் காட்டில் இந்த வருஷம் கேரட், எதில் உருளைக்கிழங்கு என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

2005இல் மகள் சத்தியபிரியாவின் பிளஸ் டூ மார்க்கைப் பார்க்க பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனவன், மார்க்கைப் பார்த்து முடித்தபின் சும்மா கொடைக்கானல் என்று தட்டினான். வந்த பக்கத்தில் கிளாவரை கேரளாவில் இருப்பதாகப் போட்டிருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த சத்தியபிரியா, "நீங்களே மாத்தலாம்ப்பா" என்று ஒரு பொத்தானைக் காட்டினாள். மாற்றினான். உடனே மாறியது. ரேஷன் கார்டில் 'மகேந்திறன்' என்று விழுந்த எழுத்தைத் திருத்த ஒன்றரை வருஷம் அலைந்தவன் அவன். அந்த நிமிஷமே பிடித்துக்கொண்டது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மூலைக் கம்ப்யூட்டர் அவனுக்கு என்று ஆனது. கடைக்காரர் ஜெயச்சந்திரன் வேறு யாரையும் அங்கே உட்கார வைக்க மாட்டார். 'மலைக்காரன்' என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்தில் அறுபத்தைந்து பக்கங்கள் எழுதினான். ஆயக்குடிக் கொய்யா முதல் மன்னவனூர் ஆட்டுப்பண்ணை வரை எல்லாம் அவன் கைவரிசை. சொந்தப் பெயரை எங்கேயும் போடவில்லை. போடக் கூடாது என்பதில் ஒரு திமிரும் இருந்தது.

எழுத எழுத விதிகள் அத்துபடியாயின. அவற்றில் அவனுக்கு மிகவும் பிடித்த விதி, தன்னைப் பற்றித் தானே எழுதக் கூடாது என்பது. வாரத்துக்கு ஒருவனாவது வந்து தன்னைப் பற்றி எழுதுவான். இளம் கவிஞர், சமூக சேவகர், குறும்பட இயக்குநர் என்று வருவார்கள். மகேந்திரன் காத்திருப்பான். பக்கத்தின் தலையில் 'நீக்கலாம்' என்று பலகை மாட்டுவான். அவர்கள் கெஞ்சுவார்கள், கோபப்படுவார்கள், கடைசியில் காணாமல் போவார்கள். அப்படிக் காணாமல் போகும்போது அவனுக்கு உள்ளே இனிக்கும்.

2007 தை மாதம் பழனி தண்டாயுதபாணி வந்து சிக்கினார்.

பழனியில் காவடிக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றை நடத்திவந்தார் தண்டாயுதபாணி. தலபுராணம், பாதயாத்திரைப் பாடல்கள் என்று ஏழு புத்தகங்களைச் சொந்தக் காசில் அச்சடித்து, விடுதி மேசையில் அடுக்கி வைத்திருந்தார். அவர் பெயரில் ஒரு பக்கம் வந்தது. 'புகழ்பெற்ற ஆன்மிக எழுத்தாளர்' என்று தொடங்கி, விடுதியின் தொலைபேசி எண்ணில் முடிந்தது. மகேந்திரன் பலகை மாட்டினான். புகழையும் போன் நம்பரையும் எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமே என்று யாரோ ஒருவர் இரக்கப்பட்டார். அதற்கு மகேந்திரன் எழுதினான்: 'பழனியில் விடுதி வைத்திருப்பவருக்கெல்லாம் பக்கம் கொடுத்தால், மலையடிவாரத்தில் மொட்டை அடிப்பவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுக்க வேண்டியிருக்கும்.'

பக்கம் போயிற்று. மகேந்திரன் அடுத்த ஆளைத் தேடிப் போனான்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை வேட்டியும் தோளில் பச்சைத் துண்டுமாக ஒருவர் பிரவுசிங் சென்டருக்குள் வந்தார். மலைக் குளிருக்கு ஸ்வெட்டர்கூடப் போடவில்லை.

"இங்க மலைக்காரங்கிறது யாரு?"

ஜெயச்சந்திரன் மூலையைக் காட்டினார். மகேந்திரன் எழுந்தான்.

"நாந்தான். நீங்க யாருங்க?"

"மொட்டை அடிக்கிறவங்களுக்கும் பக்கம் குடுக்கணுமான்னு கேட்டியே, அந்தப் பழனிக்காரன்."

"ஒக்காருங்கய்யா."

"ஒக்கார வரல. பதினஞ்சு நாளைக்கு முந்தி எனக்கு மணிவிழா. மண்டபத்துல முந்நூறு பேரு. சம்பந்தி வீட்டுக்காரங்க முன்வரிசையில இருக்காங்க. எம் மகன் பெரிய திரையக் கட்டி, அப்பாவப் பத்தி உலகமே படிக்குது பாருங்கன்னு போட்டுக் காட்டுறான். இப்பெயரில் கட்டுரை இல்லைன்னு வருது. ஒவ்வொரு எழுத்தும் இந்தப் பெருசுக்கு. முந்நூறு பேரும் வாசிச்சாங்க."

மகேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கியும் உதட்டில் கொஞ்சம் தெரிந்துவிட்டது.

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? விதிங்க அது. தன்னப் பத்தித் தானே எழுதிக்கிடக் கூடாது. மணிவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிறது வேற, இது வேற."

"நான் ஏழு புஸ்தகம் எழுதியிருக்கேன். நீ என்ன எழுதியிருக்க?"

"அறுபத்தஞ்சு பக்கம்."

"எதுலயாச்சும் ஒம் பேரு இருக்கா? மலைக்காரனாம். சொந்தப் பேரச் சொல்ல தெகிரியமில்ல, அடுத்தவன் பேர அழிக்க வந்துட்ட."

வட இந்தியச் சுற்றுலாக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயச்சந்திரன், "மெதுவாப் பேசுங்க சார், கஸ்டமர் இருக்காங்க" என்றார். தண்டாயுதபாணி வாசல்வரை போய் நின்றார்.

"ஊருக்கு எத்தன கரண்டு கனெக்சன்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதி வச்சிருக்கியே, அத வச்சுத்தான் கரண்டு ஆபீஸ்ல போய், கம்ப்யூட்டர்ல தமிழ் எழுதுறவரு யாருன்னு கேட்டேன். சிலோன் மகேந்திரனான்னு கேட்டாங்க. நீ சிலோனா?"

"அதெல்லாம் இல்ல. நான் இந்த ஊருதான்" என்றான் மகேந்திரன்.

அந்தப் பொய்யை அவன் யோசித்துச் சொல்லவில்லை. முப்பது வருஷப் பழக்கத்தில் தானாக வந்தது. இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் அவன். பதினோரு வயதில், இரண்டு அரசாங்கங்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின்படி, பார்த்திராத ஒரு நாட்டுக்குத் தாயகம் திரும்பினான். மண்டபம் முகாமில் மூன்று மாதம். பிறகு மேல்மலைக் காட்டில், தோல் பதனிடுவதற்கான சவுக்குப்பட்டை உரிக்கிற வேலைக்கு அப்பாவை அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் அவன் வாயைத் திறந்தாலே பையன்கள் அவனைப்போலப் பேசிக் காட்டுவார்கள். ஆறே மாதத்தில் தோட்டத்துப் பேச்சை நாக்கிலிருந்து துடைத்துவிட்டு, 'வெரசா வாடா', 'அங்கிட்டுக் கெடக்குடா' என்று ஊர்க்காரனைவிட ஊர்க்காரனாகப் பேசத் தொடங்கினான். ஆனாலும் மின்வாரிய வேலை, தாயகம் திரும்பியவர்களுக்கான ஒதுக்கீட்டில்தான் கிடைத்தது. அதனால் ஆபீசில் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. மனைவி பாண்டியம்மாள் இன்னும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வாள். வீட்டுக்கு யாராவது வந்திருக்கும்போது அவள் அப்படிச் சொன்னால், அவன் குறுக்கே புகுந்து, "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிடுவான்.

பழனிக்காரர் போன பிறகும் அவர் கேட்டது போகவில்லை. மீட்டரில் எண் பார்க்கும்போதும், கிளாவரை பஸ்ஸில் தூங்கி விழும்போதும், எதுலயாச்சும் ஒம் பேரு இருக்கா என்று கேட்டுக்கொண்டே வந்தது. சித்திரையில் அதன்மேல் எண்ணெய் ஊற்றினாற்போல ஒன்று நடந்தது. ஒரு பத்திரிகையின் கோடைச் சுற்றுலா இணைப்பை ஜெயச்சந்திரன் எடுத்து வைத்திருந்தார். கிளாவரையைப் பற்றி முழுப் பக்கம். மகேந்திரன் எழுதியது அப்படியே, ஒரு கமாகூட மாறாமல் வந்திருந்தது. கீழே 'நமது நிருபர்' என்று போட்டிருந்தது. கலைக்களஞ்சியத்தில் உள்ளதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அவனுக்குத் தெரிந்த விதிதான். ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

வைகாசியில் அவன் அதைச் செய்தான்.

அப்போது சத்தியபிரியா மதுரையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள், ஹாஸ்டலில் தங்கி. அவளும் அந்தக் கலைக்களஞ்சியத்தில் சொந்தப் பெயரிலேயே ஒரு கணக்கு வைத்திருந்தாள். விடுமுறையில் அப்பாவோடு உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்துவாள். அவளுடைய கடவுச்சொல் மகேந்திரனுக்குத் தெரியும், ஏனென்றால் அதை உருவாக்கிக் கொடுத்ததே அவன்தான். அந்தக் கணக்கில் நுழைந்து, புதிய பக்கம் ஒன்றைத் திறந்தான்.

'மகேந்திரன் (பிறப்பு: 1962, கொடைக்கானல்) மேல்மலைச் சிற்றூர்களைப் பற்றி எழுதிவரும் ஆய்வாளர்' என்று தொடங்கினான். 'புகழ்பெற்ற' போடவில்லை. 'குறிப்பிடத்தக்க' என்று போட்டுப் பார்த்தான், எடுத்தான், மறுபடி போட்டான். சான்றுக்குப் பழைய செய்தித்தாள் துணுக்கு ஒன்று இருந்தது. பூம்பாறை ரோட்டில் மண் சரிந்த நாளில், வழியில் மாட்டிக்கொண்ட நிருபர் எழுதிய செய்தி. அதில் ஒரு வரி: 'மாலைக்குள் மின்சாரம் வரும் என்று மின் ஊழியர் மகேந்திரன் கூறினார்.' அதை அடிக்குறிப்பில் போட்டான். சேமித்தான். திரையில் தன் பெயர் தடித்த எழுத்தில் வந்தபோது, பக்கத்தில் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான். காதுமடல் சுட்டது. மூடிவிட்டு எழுந்து, வாசல்வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் பார்த்தான்.

இரண்டு வாரம் அது அங்கேயே இருந்தது. மூன்றாம் வாரம் 'பழனிமலை' என்று ஒரு புதுப் பெயர் வந்து பலகை மாட்டியது. யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. மகேந்திரன் பிறருக்கு எழுதிய அதே வாசகத்தை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருந்தது: 'கட்டுரையாளரும் கட்டுரைக்கு உரியவரும் ஒருவரே என்று தெரிகிறது. நீக்கலாம்.'

அப்போதே எடுத்துவிட்டிருக்கலாம். மகேந்திரன் சண்டைக்கு நின்றான். மலைக்காரனாக அல்ல, சத்தியபிரியாவாக.

'இவருடைய பணியை மேல்மலை மக்கள் அறிவார்கள். தனிப்பட்ட பகையை இங்கே கொண்டுவர வேண்டாம்' என்றாள் சத்தியபிரியா.

'மண் சரிந்த செய்தியில் ஒரு வரி வந்தால் ஆய்வாளரா? அப்படியானால் அந்தப் பஸ் டிரைவரும் ஆய்வாளர்தான்' என்றது பழனிமலை.

'உங்களைப்போல் விடுதிக்கு ஆள் பிடிக்க எழுதியது அல்ல இது.'

'என் விடுதி என் பெயரில் இருக்கிறது, தாயே. நான் அடுத்தவர் பெயரில் ஒளியவில்லை.'

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இது நடந்தது. மலைக்காரனாகவும் வந்து, 'நடுநிலையாகப் பார்த்தால் இக்கட்டுரை இருக்கலாம்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனான். நான்காம் வாரம் பழனிமலை ஒரு புதுச் சங்கதியைப் போட்டது. 'கட்டுரையின் முதல் வரியே பொய். இவர் பிறந்தது கொடைக்கானலில் அல்ல, இலங்கையில். தாயகம் திரும்பியோர் ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர் என்று அவரோடு வேலை பார்ப்பவர்களே சொல்கிறார்கள். வேலைக்குச் சிலோன், பக்கத்துக்குக் கொடைக்கானலா?'

மகேந்திரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். கீழே மூன்று சொற்களைத் தட்டினான்: 'இதற்குச் சான்று உண்டா?'

தான் எங்கே பிறந்தோம் என்பதற்கு, மகள் பெயரில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவனிடம் சான்று கேட்டான் அவன்.

மறுநாள் திங்கட்கிழமை அவன் மன்னவனூரில் இருந்தான். அங்கே செல்போன் எடுக்காது. சாயந்தரம் வீடு வந்தபோது அடுப்படியில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. பாண்டியம்மாள் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"பிள்ள நாலு தடவ போன் பண்ணிட்டா. அழுவுறா."

"என்னவாம்?"

"அவ பேருல நீங்க என்னமோ எழுதுனீங்களாம். மேல இருக்கிற பெரியவங்க யாரோ கண்டுபிடிச்சுப் போட்டுட்டாங்களாம். ரெண்டு பேரும் ஒரே ஆளு, ஒரே மிசினுன்னு. அவ காலேஜுல வார சனிக்கெழமை ஏதோ கூட்டம் வச்சிருக்காங்கல்ல, அதுக்கு இவதான் பொறுப்பு. கூட்டத்துக்கு வர்றவுகளே அந்தப் பெரியவங்கதானாம். டீச்சர் கூப்பிட்டு, நீ ஏமாத்துக்காரியான்னு கேட்டாங்களாம்."

கலைக்களஞ்சியத்தில் புதிதாக எழுத வருபவர்களுக்கு அந்தக் கல்லூரியில் பயிற்சிப் பட்டறை என்று சத்தியபிரியா ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். மகேந்திரன் அதை மறக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் வரும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

"எந்த ஊருல பொறந்ததா எழுதுனீங்க?" என்று பாண்டியம்மாள் கேட்டாள்.

அவன் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"பிள்ள சொல்லிட்டா. கேக்குறேன், ஒங்க வாயால சொல்லுங்க."

"கொடைக்கானல்."

"தோட்டத்துல ஒரே லயத்து வரிசையில ஆறாவது வீடு ஒங்களுது, பத்தாவது வீடு எங்களுது. ஒங்க அம்மாவும் எங்க அம்மாவும் ஒரே மலையில கொழுந்து எடுத்தவங்க. நீங்க கொடைக்கானல்ல பொறந்தா, நான் யாரக் கட்டிக்கிட்டேன்?"

"சும்மா இரு. ஒனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியல. புரியவும் வேணாம்." ரொட்டியைத் தட்டில் போட்டு அவன் முன்னால் தள்ளினாள். "நான் எங்க பொறந்தேன்னு யார் கேட்டாலும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். என்னய யாரும் கடிச்சுத் திங்கல."

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, கடை திறக்கும்போதே பிரவுசிங் சென்டர் வாசலில் நின்றான். தேவசேனா என்று ஒரு நிர்வாகி உண்டு. எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது, யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அவர் எழுதியிருந்தார்: மலைக்காரன், சத்தியபிரியா என்ற இரண்டு கணக்குகளும் ஞாயிறு மூன்று முதல் ஐந்து மணிக்குள், ஒரே கணினியிலிருந்து, ஒருவராலேயே இயக்கப்படுகின்றன. இரண்டுக்கும் ஆறு மாதம் தடை.

அதன்கீழ் மதுரையிலிருந்து சத்தியபிரியா எழுதியிருந்தாள். தடை இருந்தாலும் தன் பேச்சுப் பக்கத்தில் விளக்கம் எழுத இடம் உண்டு. அதை அங்கிருந்து எடுத்து எல்லாரும் பார்க்கும் இடத்தில் நிர்வாகி ஒட்டியிருந்தார்.

'என் கணக்கிலிருந்து வைகாசி மாதம் முதல் எழுதப்பட்ட எதையும் நான் எழுதவில்லை. என் தந்தை என்னிடம் கேட்காமல் எழுதியவை அவை. அந்த உரையாடலில் என் பெயரில் பிறரை ஏளனம் செய்து எழுதப்பட்டவற்றுக்காக வருந்துகிறேன். அவர் இலங்கையில் பிறந்தவர். அது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். என் பெயரை இந்த விவகாரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.'

மகேந்திரன் அதை மூன்று தரம் வாசித்தான். அவளுடைய தமிழில் ஒரு பிழை இல்லை. 'என் தந்தை' என்று எழுதியிருந்தாள். அந்தச் சொல்லை அவள் வாயால் அவன் கேட்டதே கிடையாது.

ஜெயச்சந்திரன் தள்ளி நின்றே கேட்டார்: "என்ன மகேந்திரன், ப்ராப்ளமா?"

"ஒண்ணுமில்ல. ஒரு பத்து நிமிஷம்."

அவனும் தன் பேச்சுப் பக்கத்துக்குப் போய் எழுதினான். பத்து நிமிஷத்தில் முடியவில்லை, மதியம் ஆனது. எழுதியதில் பெரும்பகுதியை அழித்தான். பழனிக்காரரைத் திட்டியது, பத்திரிகைக்காரன் திருடியது, அறுபத்தைந்து பக்கம், எல்லாம் போயிற்று. மிஞ்சியது இவ்வளவுதான்: 'பழனிமலை சொன்னது உண்மை. நான் பிறந்தது ஹட்டன் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1973இல் இங்கே வந்தேன். கட்டுரையை எழுதியது நான். என் மகளுக்கு இதில் பங்கில்லை, அவளுடைய தடையை நீக்குங்கள். கட்டுரையை நீக்கலாம்.'

ஒரு மணி நேரத்தில் பழனிமலை வந்தது. மகேந்திரன் இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை. இந்த ஒப்புதலுக்குப் பிறகு அந்த மனுஷன் கொஞ்சம் இறங்கி வருவார், பெருந்தன்மையாக ஏதாவது எழுதுவார் என்று அவன் மனத்தின் ஒரு மூலையில் இருந்தது. அங்கே எழுதியிருந்தது ஒரே சொல்.

'நீக்கலாம்.'

சத்தியபிரியாவின் தடை மறுநாளே நீங்கியது. ஆனால் சனிக்கிழமைப் பட்டறையில் அவளை மேடையில் ஏற்றவில்லை. வந்தவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுக்கிற வேலையை ஒதுக்கினார்கள். அவள் அதைச் செய்தாள். இதை அவள் சொல்லவில்லை. பாண்டியம்மாள்தான் போனில் கேட்டுவந்து, சோறு போடும்போது, சொல்லியே தீருவது என்று சொன்னாள்.

ஐப்பசியில் தீபாவளிக்கு வந்தாள் சத்தியபிரியா. நான்கு மாதமாக அப்பாவிடம் பேசவில்லை. வந்த அன்று வெள்ளனே எழுந்து, அவன் பல் விளக்கிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அவரு சிலோன்னு எழுதுனப்போ, சான்று உண்டான்னு கேட்டது நீங்கதானா? எம் பேருல?"

"ஆமா."

"எதுக்கு? என்னய எத்தன பேரு ஹாஸ்டல்ல கேட்டிருக்காங்க தெரியுமா, ஏன் சொதின்னு சொல்ற, ஏன் தேத்தண்ணின்னு சொல்றன்னு. எங்கப்பா அம்மா சிலோன்ல இருந்து வந்தவங்கன்னு சொல்லியிருக்கேன். அவளுக பூராப் பேரும் அந்தப் பக்கத்தப் படிச்சிருக்காங்க. அப்பாவே இல்லேங்கிறாருன்னா நான் என்ன, கதை விட்டேனா?"

மகேந்திரன் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான்.

"தப்புத்தான்" என்றான்.

"தப்புன்னு தெரியும். எதுக்குன்னு கேட்டேன்."

பள்ளிக்கூடத்துப் பையன்கள் பேசிக் காட்டியதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னான், பாதியில் நிறுத்தி நிறுத்தி. சத்தியபிரியா குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டுவிட்டும் அவள் முகம் இளகவில்லை.

"நான் கடவுச்சொல்ல மாத்திட்டேன். இனிமே நீங்க எழுதினா ஒங்க சொந்தப் பேருல எழுதுங்க. ஒங்களப் பத்தி எழுதாதீங்க. என்னயவும் எழுதச் சொல்லாதீங்க, நான் எழுத மாட்டேன்."

"சரி."

"நெசமாத்தான் சொல்றேன்."

"சரிங்கிறேன்ல" என்றான்.

தடை மார்கழியில் முடிந்தது. மலைக்காரனை அவன் திரும்ப எழுப்பவில்லை. 'ம. மகேந்திரன்' என்று புதிதாகக் கணக்குத் தொடங்கி, பழைய கணக்கும் தன்னுடையதே என்று முதல் வரியில் போட்டான். பழைய ஆட்கள் யாரும் வரவேற்கவில்லை. அவன் கமா திருத்தினால்கூட ஒருவர் வந்து சரிபார்த்துவிட்டுப் போனார். பிறர் பக்கங்களில் பலகை மாட்டப் போகவில்லை. மாட்டினாலும் யாரும் மதித்திருக்க மாட்டார்கள்.

மண்டபம் முகாமைப் பற்றி அங்கே ஒன்றரை வரிதான் இருந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டான். லீவு கிடைத்த நாட்களில் திண்டுக்கல்லுக்கு இறங்கி, நூலகத்தில் பழைய அறிக்கைகளைத் தேடினான். மதுரையில் பழைய புத்தகக் கடையில் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு ஆய்வுநூல் அகப்பட்டது. 2008 பங்குனிக்குள் பக்கம் நான்கு திரை நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தபோது, பக்கம் முழுக்க அம்மைக் கொப்புளம் போட்டதுபோல் 'சான்று தேவை', 'சான்று தேவை' என்று சிவப்பில் குத்தியிருந்தது. பழனிமலை. உரையாடல் பகுதியில் வேறு ஒரு குறிப்பு: 'இவர் ஏற்கெனவே பிறந்த ஊரையே மாற்றி எழுதியவர். ஒவ்வொரு வரியையும் சோதிக்க வேண்டும்.' மகேந்திரன் எண்ணிப் பார்த்தான். பதினொன்று.

"அந்தாளு இன்னும் விடலையா?" என்று ஜெயச்சந்திரன் கேட்டார்.

"விட மாட்டாரு."

"நீங்களும் அவரு புஸ்தகத்துல தப்பு கண்டுபிடிச்சுப் போட வேண்டியதுதான?"

"ஏழு புஸ்தகத்தயும் வாங்கிப் படிச்சிட்டேன். இருக்கு, ஏகப்பட்டது." மகேந்திரன் பையிலிருந்து நோட்டை எடுத்தான். "அத அப்புறம் பாத்துக்கிடலாம்."

அன்றைக்கும் அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலுமாக ஒவ்வொரு குறியாக எடுத்தான். கப்பல் எத்தனை மணிக்குத் தலைமன்னாரை விட்டது என்பதற்கு அறிக்கையில் பக்க எண் இருந்தது. முகாமில் எத்தனை குடும்பங்கள் என்பதற்கு ஆய்வுநூலில் அட்டவணை இருந்தது. கொடைக்கானலுக்கு எத்தனை பேரை அனுப்பினார்கள் என்ற கணக்கில் அவன் போட்டது தப்பு என்று தெரியவந்தது. பழனிமலை குத்தியது சரிதான். திருத்தினான். அவருக்கு நன்றி என்று எழுதவில்லை. பத்துக் குறிகளும் போயின.

பதினோராவது குறி நின்ற வரி இது: 'இராமேசுவரத்தில் கரையிறங்கிய குழந்தைகளுக்குத் தகரக் குவளையில் பால் கொடுத்தார்கள், பால் அடிப்பிடித்திருந்தது.'

எந்த அறிக்கையிலும் அது இல்லை. அந்தக் கப்பலில் வந்தவர்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. பாண்டியம்மாள் வேறு கப்பலில், அடுத்த வருஷம் வந்தவள். அந்தக் கருகல் வாசனை அவன் மூக்குக்கு மட்டும் தெரிந்தது. வெளியே பஸ் ஸ்டாண்டில் கிளாவரை வண்டிக்குக் கண்டக்டர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மகேந்திரன் வரியை இன்னொரு தரம் வாசித்தான். பிறகு முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை தேர்ந்து, அழித்தான். காரணம் கேட்ட பெட்டியில் 'சான்று இல்லை' என்று எழுதிச் சேமித்தான்.